கல்லறைக் கல்லில் கசியும் எண்ணெய்: ஐஷ்டெட் வால்புர்கா மடம்

எட்டாம் நூற்றாண்டுத் துறவியான புனித வால்புர்கா தாயாருக்கு நேர்ந்துகொண்டு, அவர் கல்லறை இருக்கும் ஜெர்மனியின் ஐஷ்டெட்டுக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்குப் பயந்து ஜூலையில் டிக்கெட் போட்டால் கல்லறை காய்ந்துதான் கிடக்கும். அந்தக் கல்லில் எண்ணெய் சுரப்பது அக்டோபர் 12 முதல் பிப்ரவரி 25 வரைக்கும்தான். முதல் தேதி திருவுடலை மாற்றி வைத்ததன் நினைவு, கடைசித் தேதி தாயார் இறந்த நாள். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு பனியிலேயே போவது உத்தமம்.

மியூனிக்கிலிருந்து இங்கோல்ஸ்டாட் வழியாக வரும் ரயில் நிற்பது ஐஷ்டெட் பான்ஹோஃப் நிலையத்தில். ஊர் வந்துவிட்டது என்று அங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடாதீர்கள். ஊர் இன்னும் 5 கிலோமீட்டர். அங்கேயே சின்ன ரயிலில் மாறி ஊர் நிலையமான ஐஷ்டெட் ஸ்டாட்டில் இறங்க வேண்டும். ஆல்ட்மூல் ஆற்றைத் தாண்டினால் பேராலயம். அங்கேதான் தாயாரின் அண்ணன், முதல் ஆயர் வில்லிபால்டின் கல்லறை. அவரைக் கும்பிட்டுவிட்டு மேற்கே நடந்து மேட்டில் ஏறினால் மடம். தாயார் தலைவியாக இருந்த ஹைடன்ஹைமையும் பார்க்க நினைத்தால், ஹானன்காம் மலைப்பக்கத்து ஹைடன்ஹைம் என்று சொல்லிக் கேளுங்கள். பிரென்ட்ஸ் ஆற்றங்கரையில் அதே பெயரில் பெரிய ஊர் ஒன்று இருக்கிறது, பலர் அங்கே போய் நிற்கிறார்கள்.

தாயாரின் கல்லறை முதலில் இருந்தது ஹைடன்ஹைமில்தான், அங்கே கவனிப்பாரற்றுக் கிடந்தது. கட்டட வேலைக்காரர்கள் அதன்மேலேயே மிதித்து நடக்க, தாயார் ஐஷ்டெட் ஆயர் ஒட்காரின் கனவில் வந்து கடிந்துகொண்டார் என்பது மரபு. 870-களில் திருவுடல் ஐஷ்டெட்டுக்கு வந்தது. 893-இல் மோன்ஹைம் மடத்துக்குத் திருவுடலில் ஒரு பங்கு கொடுக்கக் கல்லறையைத் திறந்தபோது எலும்புகள் ஈரமாக இருந்தன. 1035-இல் கல்லறையைச் சுற்றி பெனடிக்ட் சபைக் கன்னியர் மடம் எழுந்தது. 1806-இல் அரசு மடத்தைக் கலைத்தது. 1835-இல் பவேரியாவின் முதலாம் லூட்விக் மன்னர், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். 1852-இல் இங்கிருந்து பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறிய சகோதரிகள்தாம் அமெரிக்காவின் பெனடிக்டைன் கன்னியருக்கு வித்து.

கல்லறை கண்ணில் படவில்லையே என்று கோயிலுக்குள் தேடி அலைய வேண்டாம். அது பெரிய பீடத்துக்குப் பின்னால் உள்ள சிற்றாலயத்தில். சுவரெல்லாம் நேர்த்திப் படங்கள், நன்றிப் பலகைகள். தொட்டில் பிள்ளை, கட்டிலில் கிடக்கும் அப்பா, கால் ஊனமான மாடு என்று ஒவ்வொரு வீட்டுக் கண்ணீரும் அங்கே மாட்டியிருக்கிறது. எலும்புகள் கல் குழிக்குள் இருக்கின்றன. அடிக்கல்லில் துளி துளியாகத் திரள்வதைக் கன்னியர்கள் வெள்ளிக் கிண்ணத்தில் சேர்க்கிறார்கள். எண்ணெய் என்பது பெயர்தான். கையில் விட்டுப் பிசுபிசுப்பும் வாசனையும் தேடாதீர்கள், தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். ஊரில் வழிபாடே நடத்தக் கூடாது என்று திருச்சபைத் தடை விதிக்கப்பட்ட காலத்திலும், கொள்ளையர் மணியடிப்பவரைப் படுகாயப்படுத்திக் கோயிலுக்குள் ரத்தம் சிந்தியபோதும் சுரப்பு நின்றுபோனதாம்.

அந்த எண்ணெய் ஒரு குப்பி வேண்டுமானால் கன்னியர்களிடமே கேளுங்கள். இணையத்தில் விலை போட்டு விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். புனிதர்கள் விட்டுச்சென்ற திருப்பண்டத்தை விற்பதைத் திருச்சபைச் சட்டமே தடுக்கிறது. பிப்ரவரி 25 திருவிழாவில் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடிக்கிற கூட்டமும், தலைக்குமேல் நீட்டுகிற செல்போன்களும் ஜெபத்தைக் கெடுக்கும். பொருத்தனை இருந்தால் ஜனவரியில் ஒரு சாதாரண நாளில் போங்கள். காலையில் கன்னியர்கள் சங்கீதம் பாடி முடித்த அமைதியில் முழங்காலில் நின்றால் வாங்கவந்த வரமெல்லாம் மறந்துபோகும். தாயே, ஸ்தோத்திரம்! கல்லுக்குள்ளிருந்தும் பிள்ளைகளை நினைக்கிறீரே, ஸ்தோத்திரம்!