சர்வரைக் குடிமாற்றினேன்

மெயில், காலண்டர், போட்டோக்கள், புரோகிராம் கோடு வைத்திருக்கும் நாலைந்து கிட் ரெப்போக்கள் எல்லாம் பல வருடமாக ஒரு பெரிய அமெரிக்க கிளவுட் நிறுவனத்தின் விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றில்தான் இருந்தன. பெரிதாகக் குறை ஒன்றும் இருந்ததில்லை. ஒருநாள் பில் கட்டும் கார்டு காலாவதியாக, ஏதோ ஒரு தானியங்கி புரோகிராம் என் கணக்கை முடக்கிவிட்டது. பணம் கட்டத் தயாராக இருந்தும், அதைச் சொல்ல ஒரு மனிதர்கூட அகப்படாமல் மூன்று நாள் அல்லாடினேன். நான்காம் நாள் அதுவாகவே திறந்துகொண்டது. அன்றைக்கே வேறு இடம் தேட ஆரம்பித்தேன், மாறுவதுதான் மாறுகிறோம், ஐரோப்பியக் கம்பெனிக்கே போய்விடலாம் என்று.

அதே நிறுவனத்தில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் டேட்டா சென்டருக்கு மாற்றிக்கொண்டால் போதாதா என்று நண்பர் கேட்டார். போதாது. 2018-ல் வந்த அமெரிக்க கிளவுட் சட்டப்படி, அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருக்கும் டேட்டா எந்த நாட்டில் கிடந்தாலும் அமெரிக்க வாரண்டுக்குக் கட்டுப்பட்டதுதான். ஐரோப்பியக் கம்பெனி என்றால் தப்பித்தோம் என்றும் இல்லை, அங்கேயும் நீதிமன்றம் உத்தரவு போட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அது அங்குள்ள சட்டப்படி நடக்கும், என்னைப் பற்றி அவர்கள் சேர்த்துவைத்திருப்பதும் குறைவு. எனக்கு அது போதும்.

தேடும்போது ஒன்று கவனித்தேன். 'ஐரோப்பா, பிரைவசி' என்று முகப்பில் போட்டிருக்கும் சிலரின் ஐபி முகவரியை, அது யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸில் போட்டுப் பார்த்தால் பின்னால் அமெரிக்க கிளவுட்தான் நிற்கிறது. சொந்த மெஷின் வைத்திருக்கும் ஒரு சின்ன கம்பெனியை எடுத்தேன்.

குடிமாற்றம் பாதி எளிது. இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்லை (என் பெயருக்கான பழைய ஐபி முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை) 86400 நொடியிலிருந்து 300-க்குக் குறைத்துவிட்டு, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்கை ஒருமுறை நிதானமாகவும், சர்வீஸ்களை நிறுத்திவிட்டு இன்னொரு முறையும் ஓட்டினேன். டேட்டாபேஸை மட்டும் ஃபைலாக அள்ளாமல் டம்ப் (முழு ஏற்றுமதி) எடுத்துப் போட்டேன். மிச்சப் பாதி மெயில். மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் போர்ட் 25 மூடியிருந்தது, ஸ்பேமுக்குப் பயந்து நிறைய பேர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். திறக்கச் சொல்லி டிக்கெட் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் ஒருவர் பதில் எழுதினார்: "திறந்தாச்சு, ஆனா உங்க ஐபிவி6-க்கு பிடிஆர் இல்லையே, ஜிமெயில் திருப்பி அனுப்பிடும், போட்டுடட்டுமா?" ஐபிவி6 என்பது புது வகை ஐபி முகவரி, பிடிஆர் அது எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லும் பதிவு. நான் கேட்கவே இல்லை, அவராகவே போய்ப் பார்த்திருக்கிறார். மூன்று நாள் தானியங்கி பதில் புரோகிராமோடு பேசியவனுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

சொதப்பியது நான்தான். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய சர்வரை ஒரு வாரம் விட்டுவைத்தேன், அதில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலையை மறந்துவிட்டேன். இரவானால் இரண்டு சர்வரும் ஒரே இடத்துக்கு பேக்கப் எடுக்க, தன்னிடம் இல்லாததை அங்கே அழித்துவிடும் டெலிட் ஆப்ஷனோடு ஓடிய பழையது புதியதின் பேக்கப்பைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்தாம் நாள் தற்செயலாகப் பார்த்தேன். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்து, பலருடைய பேக்கப்பும் அதே வளாகத்தில் சேர்ந்து போனதைப் படித்துவிட்டு ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான்! இப்போது பேக்கப் மூன்றாவது ஒரு கம்பெனியிடம், என் சாவியால் பூட்டித்தான் போகிறது.

புதிய இடத்தில் டிஸ்க்கையும் லக்ஸ் என்ற குறியாக்கம் போட்டுப் பூட்டியிருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் சாவி மெமரியில்தான் இருக்கும், அதனால் அதை ரொம்பவும் நம்பக்கூடாது. இதற்கு விலையும் உண்டு: ரீபூட் ஆனால் நான் பாஸ்வேர்டு அடிக்கும்வரை சர்வர் எழாது. போன வாரம் பராமரிப்புக்காக ராத்திரி ரீபூட் செய்தார்கள், முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள், நான்தான் தூங்கிவிட்டேன். காலையில், டிஸ்க் திறக்கும் முன்பே தொலைவிலிருந்து உள்ளே விடும் டிராப்பியரில் நுழைந்து பாஸ்வேர்டு அடித்தேன். அனுப்பியவர்களின் சர்வர்களில் வரிசை கட்டி நின்றிருந்த மெயில்கள் பத்து, இருபது நிமிடத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, பாதி விளம்பரம்.