போட்டோ சைஸ் குறையுற சீசன்

நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு ஆப்செட் பிரஸ்ல டிசைனர் வேல எனக்கு. எலெக்‌ஷன் வந்தா பெரிய மல்டிகலர் போஸ்டர்லாம் சிவகாசிக்கு போயிரும், நமக்கு வாரது பிட் நோட்டீஸ், ஸ்டிக்கர், ஓட்டு சிலிப்புதான். ஆனா ஒரு வேட்பாளரு நெலம எப்படின்னு டீக்கடைக்காரங்களுக்கு முன்னாடி எங்களுக்கு தெரிஞ்சிரும், எப்படின்னா வார கரெக்‌ஷன வச்சே.

ஒரு சட்டசபை எலெக்‌ஷன்ல, பேரு வேண்டாம், ஒருத்தரு கமிஷன் பேரம் பேசுன ஆடியோன்னு வாட்ஸப்புல ஒண்ணு சுத்துச்சு. அது என் குரலே இல்லன்னாரு அவரு. இதுல வேடிக்க என்னன்னா அவரு மேல இருந்த கேஸெல்லாம் வேட்புமனுவோட குடுக்குற படிவம் 26ங்கிற பிரமாணப் பத்திரத்துல அவரே கையெழுத்து போட்டு குடுத்ததுதான், 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு பொறவு கேஸ் இருக்கவங்க பேப்பர்லயும் டிவிலயும் மூணு தடவ விளம்பரம் வேற குடுக்கணும், அதையும் குடுத்தாரு, எனக்கு தெரிஞ்சு ஒருத்தரும் அத படிக்கல. ஆடியோ மட்டும் ஒரே ராத்திரில மானூர் தாண்டி போயிட்டு.

மறுநா காலைல அவரு ஆளு வந்து "தம்பி, அண்ணாச்சி போட்டோவ கொஞ்சம் சின்னதாக்கு, சின்னத்த பெருசாக்கு"ன்னாரு. சாயங்காலம் தலைவர் படம் நடுவுக்கு வந்துட்டு. அடுத்து கட்சி ஒன்றியச் செயலாளரு வந்து "எம் போட்டோ அவரு பக்கத்துல வேண்டாம்டே, அந்த ஓரமா வையி"ன்னாரு. மேடையில எல்லாரும் சதின்னு முழங்குதாவ, நாங்க டிசைன் போடுற கோரல்ட்ரா சாஃப்ட்வேர்ல அவர தள்ளி வைக்காவ. பயம் இருக்கத்தான செய்யும், 2016ல ராதாபுரம் தொகுதி 49 ஓட்டு வித்தியாசத்துல முடிஞ்ச மாவட்டம் இது. எங்க ஓனரு அன்னைக்கே சொல்லிட்டாரு, இனி ரொக்கம் வந்தாத்தான் பிளேட் ஏத்தணும்னு.

அப்புறம் ராத்திரி கடை சாத்துற நேரம் பென்டிரைவோட ஒரு ஆளு வந்தாரு. ஆடியோவ வரிக்கு வரி டைப் அடிச்ச மொட்ட நோட்டீஸ், அச்சடிச்சவங்க பேரு கிடையாது, வெளியிடுறவங்க பேரும் கிடையாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ-படி ரெண்டும் இருக்கணும், அடிக்க சொல்லுதவரு ரெண்டு சாட்சியோட உறுதிமொழி எழுதி தரணும், எத்தன காப்பி என்ன ரேட்டுன்னு மூணு நாளைக்குள்ள கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு நாங்க அனுப்பணும். மீறுனா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ 2,000 ரூவா வரைக்கும் அபராதமோ, இல்ல ரெண்டுமோ. வந்தவரு, 2,000தான, நானே கட்டுதேன்னாரு. ஓனரு நிமிந்துகூட பாக்கல, "ஜெயிலுக்கும் நீரே போவீராவே?"ன்னாரு.

அந்த நோட்டீஸ் அடுத்த நாளே வண்ணார்பேட்டைல நின்ன பைக்குல எல்லாம் சொருகி கெடந்துச்சு. எடுத்து பாத்தேன், அந்த ஃபான்ட்டுல 'ணை' மட்டும் கொஞ்சம் எறங்கி நிக்கும், அத இன்னமும் வச்சிருக்க பிரஸ் எனக்கு தெரிஞ்சு ஊருல ஒண்ணுதான். போலீஸ் வந்து விசாரிச்சாவ, நான் வாயத் தெறக்கல, ஓனர்ட்டகூட சொல்லல, நாளைக்கு நானே அங்கன வேல கேட்டு போக வேண்டியிருந்தாலும் இருக்கும்லா.