தட்டும் சத்தம்: பிக்கப் எஞ்சின் நாட்குறிப்பு

2025 நவம்பர் 8, சனி

டொயோட்டாவின் டண்ட்ரா பிக்கப்புக்கு இந்த வாரம் இரண்டாவது ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைப்பது. அமெரிக்காவில் சுமார் 1,27,000 வண்டிகள்: 2022 முதல் 2024 வரையிலான டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ், 2024 லெக்சஸ் ஜிஎக்ஸ். முதல் ரீகால் 2024 மே மாதம் வந்தது, சுமார் 1,02,000 வண்டிகளுக்கு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினைத் தொழிற்சாலையில் கடையும்போது விழுந்த உலோகப் பிசிறு முழுதாகக் கழுவப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டது. அது எஞ்சினின் பிரதான சுழல்தண்டைத் (கிராங்க்ஷாஃப்ட்) தாங்கும் மெயின் பேரிங்கில் ஒட்டிக்கொள்ளும். பாரம் ஏற்றி ஓட்ட ஓட்ட பேரிங் தேய்ந்து, ஒருநாள் நெடுஞ்சாலையில் எஞ்சின் நின்றுவிடும்.

ஹைப்ரிட் வண்டிகள் இந்தப் பட்டியலில் இல்லை. எஞ்சின் நின்றாலும் மின்மோட்டார் வண்டியைச் சிறிது தூரம் நகர்த்தும் என்பதால் விபத்து ஆபத்து குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரீகால் பார்ப்பது பாதுகாப்பை. எஞ்சின் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அல்ல. ஹைப்ரிட் வைத்திருப்பவர்களும் கீழே எழுதப்போகும் சோதனைகளைச் செய்யவேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் வி8 எஞ்சின்; அதன் குறியீடு எல்87. இவ்வருடம் ஜனவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியபோது கையில் இருந்தவை 39 புகார்கள். ஏப்ரலில் ரீகால் வந்தது. 2021 முதல் 2024 வரையிலான சில்வராடோ 1500, சியாரா 1500, டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட் எல்லாம் சேர்த்து அமெரிக்காவில் 5,97,630 வண்டிகள். நிறுவனம் தாக்கல் செய்த அறிக்கையில் அதன் சொந்தக் கணக்கு 28,102 புகார்கள், சம்பவங்கள். அவற்றில் 14,332 வண்டிகள் இழுவை (வண்டியை நகர்த்தும் விசை) இழந்தவை.

39-க்கும் 28,102-க்கும் உள்ள இந்த இடைவெளியை மறக்கவே கூடாது. எஞ்சின் போனவர்களில் பெரும்பாலோர் டீலரிடம் சொன்னதோடு நின்றுவிட்டார்கள்.

அறிக்கை சொல்லும் கோளாறுகள் இரண்டு. பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலும் கிராங்க்ஷாஃப்ட்டின் ஆயில் துளைகளிலும் படிந்த கசடு ஒன்று. கிராங்க்கின் அளவும் மேற்பரப்பு மெருகும் வரையறைக்கு வெளியே போனது மற்றொன்று. கசடாவது ஒருவேளை ஆயிலோடு போய் ஃபில்டரில் சிக்கலாம். அளவு தவறிய கிராங்க்கை எந்த ஆயிலும் சரிசெய்யாது.

நவம்பர் 11, செவ்வாய்

சத்தத்தைப் பிரித்தறிவது. "டக் டக்" என்று கேட்டதுமே பேரிங் என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். இந்த வி8-இல், வால்வுகளைத் தள்ளி, தேவைக்கேற்பச் சிலிண்டர்களை நிறுத்தி இயக்கும் லிஃப்டர்களும் கெடும். புஷ் ராட் வளைந்து, மிஸ்ஃபயருக்கான (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாததற்கான) பி0300 கோடு, அதாவது வண்டியின் கணினி காட்டும் பிழைக்குறி, வரும். அது ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலை. எஞ்சின் மாற்றும் வேலை அல்ல.

தாளத்தைக் கேளுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், ஐட்லிங் 600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) லிஃப்டர் சத்தம் நொடிக்கு 5 முறை வரும்; ராட் பேரிங் 10 முறை தட்டும். லிஃப்டர் சத்தம் மெல்லியது, மேலே வால்வு கவரில் கேட்கும். ராட் சத்தம் கனமானது, கீழே ஆயில் பேன் பக்கம் கேட்கும். மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் ஐந்தே நிமிடத்தில் பிரித்துவிடலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 2,000 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடவும். அந்த நொடியில் தட்டல் உரத்துக் கேட்டால் ராட் பேரிங்தான் முதல் சந்தேகம்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஓரிரு நொடி டிக்டிக் என்பது ஆயில் மேலேறும் நேரம். அதற்காகப் பயப்படவேண்டாம்.

நவம்பர் 13, வியாழன்

ஃபில்டரை அறுத்துப் பார்ப்பது. ஃபில்டர் கட்டர் கொண்டு அறுக்கவும். ஹாக்ஸா பிளேடு வேண்டாம், அது விடும் இரும்புத்தூளே உள்ளே விழுந்து குழப்பும். காகித மடிப்பைக் கத்தியால் வெட்டியெடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பார்க்கவும். பிறகு காந்தம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கிராங்க், கேம், லிஃப்டர் எதுவாகவும் இருக்கலாம். ஒட்டாமல் வெள்ளியாக மினுங்கினால் அலுமினியம், பேரிங்காகவோ பிஸ்டனாகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் அடி அடுக்குவரை தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

முதல் ஆயில் மாற்றத்தில் கொஞ்சம் மினுமினுப்பு எந்தப் புது எஞ்சினிலும் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது மாற்றத்தில் அது குறையவேண்டும். குறையாமல் கூடினால் டீலரிடம் போகும் நேரம். அறுத்த ஃபில்டரைத் தேதி, மைல் எழுதிப் பையில் போட்டு வைக்கவும்.

ஆய்வகத்துக்கு ஆயில் அனுப்புவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். சாதாரண நிறமாலைச் சோதனை சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகளைத்தான் பார்க்கும். கண்ணுக்குத் தெரிகிற செதில் அதில் பதிவாகாது, அறிக்கை சுத்தமாக வரும். மாதிரியைச் சூடான எஞ்சினில், வடியும் ஆயிலின் நடுப்பகுதியில் பிடிக்கவும்.

நவம்பர் 14, வெள்ளி

எல்87 ரீகாலில் டீலர் தேடுவது பி0016 கோடு, கிராங்க்குக்கும் கேமுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்பது. டைமிங் செயின் தளர்ந்தாலும் இதே கோடு வரலாம். கையடக்க ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் அந்தக் கோடு எண்ணை அழித்துவிட்டு டீலரிடம் போகாதீர்கள். படம் எடுத்து வையுங்கள், அழிக்கவேண்டாம்.

நவம்பர் 16, ஞாயிறு

எல்87 ரீகால் சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில் 0டபிள்யூ-40, புது ஃபில்டர், புது ஆயில் மூடி, கையேட்டில் சேர்க்க ஒரு தாள். ஏன் தடித்த ஆயில்? 150 டிகிரி செல்சியஸில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில், 20 ரகத்துக்குக் குறைந்தபட்சப் பிசுக்குமை 2.6 மில்லிபாஸ்கல் நொடி. 0டபிள்யூ-40 ரகத்துக்கு 3.5. கிராங்க்கையும் பேரிங்கையும் பிரிக்கும் படலம் சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. பிசுக்குமை கூடினால் அந்தப் படலம் தடிக்கும், சிறு துகளும் சொரசொரப்பும் உரசாமல் கடக்கும்.

இது நல்ல பேரிங்கைக் காக்கும். கீறல் விழுந்ததை ஆற்றாது. கெட்டுக்கொண்டிருக்கும் எஞ்சினின் சத்தத்தைத் தடித்த ஆயில் சில காலம் அடக்கிவைக்கவும் கூடும் என்பதே என் கவலை. ஆகவே 0டபிள்யூ-40 ஊற்றிய பிறகும் அடுத்த ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். வெளிக்கடையில் ஆயில் மாற்றினால் அவர்கள் கணினி இன்னும் 0டபிள்யூ-20 என்று காட்டலாம். மூடியைக் காட்டிச் சொல்லவும். ரசீதில் ரகமும் அளவும் எழுதச் சொல்லவும். இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு 8 குவார்ட், ஏறத்தாழ 7.6 லிட்டர்.

நவம்பர் 19, புதன்

நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குப் புகார் எழுதுவது. "எஞ்சின் போய்விட்டது, மோசமான வண்டி" என்று எழுதினால் பொறியாளருக்கு ஒன்றும் புரியாது. எழுதவேண்டியவை: வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை (விஐஎன்) அதற்குரிய கட்டத்தில், ஓடிய மைல், அப்போதைய வேகம், ஏற்றத்தில் இருந்ததா, டிரெய்லர் இழுத்ததா, எந்த எச்சரிக்கை முதலில் வந்தது, அதற்கு எத்தனை நொடி கழித்து இழுவை போனது, ஸ்டியரிங், பிரேக் எப்படி இருந்தன, வண்டி எந்த லேனில் நின்றது, கோடு எண், கடைசி ஆயில் மாற்றத்தின் தேதியும் ரகமும். விவரிப்புப் பகுதி பொதுவில் வெளியாகும்; பெயர், தொலைபேசி எண் எழுதவேண்டாம்.

ரீகால் வேலை முடிந்த எல்87 வண்டிகளிலும் எஞ்சின் போவதாகப் புகார்கள் வந்திருக்கின்றன. மாற்றிய எஞ்சினும் தட்டத் தொடங்கினால் பழைய புகாரோடு விடாமல் புதிதாக ஒன்று பதியவும். எஞ்சின் மாற்றியபோது ஓடோமீட்டர் காட்டியது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டையும் எழுதவும்.