மீன் குழம்பு மசாலாவில் மொச்சை

ரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 160-ஐத் தாண்டியதும் ஆட்டுக்கறியை நிறுத்தினேன், பிறகு கோழியை. ஞாயிற்றுக்கிழமை சீலா மீனை மட்டும் விடவில்லை. தூத்துக்குடிக்காரனிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம்.

மற்ற நாட்களில் அதே மசாலாவில் மொச்சைக் குழம்பு. முந்தின இரவே ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவைத்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும். முந்திக்கொண்டால் மொச்சை விறைத்தே நிற்கும். அரைத்த தேங்காயும் இரண்டு துண்டு மாங்காயும் சேர்ந்தால் மீன் இல்லாத குறை பாதி தீர்ந்துவிடும்.

இரும்புச்சத்து உடம்பில் சேர, முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிகிறேன். சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பதை விட்டதும் அதற்காகத்தான். கறியை விட்டதைவிட அதுதான் கொடுமை. வைட்டமின் பி12 காய்கறிகளில் கிடைக்காது என்பதால் தயிர் தொடர்கிறது.

மைத்துனர் இதை நோயாளிச் சாப்பாடு என்கிறார். குழம்பை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறார்.