அக்கா மகனை போலீஸ் கூட்டிப் போனபோது

பைக் திருட்டு வழக்கில் பெரிய பசங்களோடு சேர்த்து என் அக்கா மகனையும் கூட்டிப் போய்விட்டார்கள். வயது 16, ஆனால் ஆள் உயரம், மீசை வேறு. ஸ்டேஷனில் "19 இருக்கும் சார்" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆதாரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 94-ம் பிரிவு சொல்லும் வயதுச் சான்றுகளில் அது இல்லை. பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அதுவும் இல்லையென்றால் நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்றிதழ், எதுவுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. மார்க் ஷீட்டை நீட்டியதும் பேச்சின் தொனியே மாறியது.

அப்புறம் நான் விடாமல் கேட்டது ஒன்றுதான்: லாக்கப்பில் வைக்கக் கூடாது. 10-ம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பையனைக் குழந்தை நலக் காவல் அலுவலரிடம் ஒப்படைத்து, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு மாட்டவும் கூடாது. "ஞாயிற்றுக்கிழமை குழுமம் கிடையாது, திங்கள் பார்க்கலாம்" என்றார் ஒரு ஏட்டு. குழுமம் கூடாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தினாலும் போதும் என்று சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் போனில் சொன்னதை (இலவச உதவி, எண் 15100) அவரிடம் அப்படியே ஒப்பித்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினார்கள். அன்றிரவு பையன் கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கில் சிக்கிய சிறாரை விசாரணைக் காலத்தில் வைக்கும் இல்லம்) இருந்தான், அக்கா அழுது தீர்த்தாள், ஆனாலும் பெரியவர்களோடு லாக்கப்பில் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மறுநாள் ஜாமீன். இங்கே கணக்கே வேறு, ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம், மறுத்தால்தான் காரணம் எழுத வேண்டும்: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதிக்கே குந்தகம் என்று. 12-ம் பிரிவின்படி பிணையாள் இல்லாமலும் விடலாம். அந்தப் பெரிய பசங்களைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள், இனி என் வீட்டில் இருந்து பள்ளிக்குப் போவான் என்று எழுதிக் கொடுத்தேன், விட்டார்கள்.

நன்னடத்தை அலுவலர் பிறகு வீட்டுக்கே வந்து சமூக விசாரணை அறிக்கைக்காக, அதாவது பையனின் குடும்பம், சூழல் பற்றிக் குழுமத்துக்குக் கொடுக்கும் அறிக்கைக்காகப் பேசினார். அதற்குள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் பையன் பெயரையும் படத்தையும் போட்டிருந்தார். 74-ம் பிரிவில் ஆறு மாதச் சிறை, 2 லட்சம் ரூபாய் அபராதம் வரை உண்டு என்று தனியாக மெசேஜ் போட்டேன். உடனே அழித்துவிட்டார்.