இடவப்பாதியில் பள்ளி திறந்தபோது

எங்கள் ஊரில் ஜூன் மாதம் பள்ளி திறப்பதும் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்குவதும் அநேகமாக ஒன்றாகத்தான். பூவும் மிட்டாயும் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் பிள்ளைகளை முதலில் வரவேற்றது வாசலில் விரித்துப் போட்ட பழைய சாக்குதான். வராந்தா முழுக்க நனைந்த குடைகள்.

குளச்சல் பக்கத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான். இங்கே ஜூனில் பிள்ளைகளைக் கொண்டுவிட அப்பாக்களும் வருவார்கள். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆகஸ்டில் கடலுக்குப் போய்விட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது. அதனால் பெற்றோர் கூட்டத்தை முதல் வாரமே வைத்துவிடுவேன்.

"டீச்சரே, இவன் அழுதா போன் பண்ணுங்க" என்றார் ஒருவர். பையன் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். அப்பாதான் கேட்டுக்கு வெளியே நனைந்தபடி நின்றார், மடக்கிய குடை கையிலேயே இருந்தது.

காலை உணவு உண்டா என்று எல்லாரும் கேட்டார்கள். உண்டு, ஐந்தாம் வகுப்பு வரை. 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்த திட்டம். வீட்டில் தட்டைத் தள்ளுகிற பிள்ளை இங்கே உப்புமாவை இரண்டாம் முறை கேட்கும், அது என்ன மாயமோ!

சரி, ஒரே ஒரு வேண்டுகோள். பையில் மாற்றுச் சட்டை ஒன்று வையுங்கள், அப்புறம் குடையில் பெயர் எழுதுங்கள். போன வருஷத்து நீலக் குடை ஒன்று இன்னும் என் மேஜைக்கடியில் கிடக்கிறது.