பினாங்குப் பாலமும் நான் கற்றுக்கொண்ட ஜெபமும்

மலேசியாவின் பெருநிலக் கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் வீடும், கடலுக்கு அக்கரையில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலையும் வைத்திருக்கும் எத்தனையோ பேரைப் போல, நானும் பினாங்குப் பாலத்தைக் கடந்துதான் பிழைக்க வேண்டியவள். 1985இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே போகிறது. பல ஆண்டுகள் அதன்மேல் ஒரு யோசனையும் இல்லாமல் காரோட்டிய எனக்கு, மழை கொட்டிய ஒரு மாலையில், வண்டிகள் நகராமல் நின்ற நெரிசலில், திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு அடைத்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அன்று எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன், ஆனால் மறுநாள் காலை கார்ச் சாவியைக் கையில் எடுக்கவே முடியவில்லை.

அதற்குப் பிறகு ஃபெரிதான் என் அடைக்கலமாயிற்று. 2021 முதல் ஃபெரியில் கார்களை ஏற்றுவதில்லை என்பதால், காரைக் கரையிலேயே விட்டுவிட்டு, தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் வரை ஃபெரியிலும் அங்கிருந்து பேருந்திலுமாகச் சுற்றி வேலைக்குப் போனேன். ஃபெரியில் எனக்குத் துளியும் பயமில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆகவே நான் அஞ்சியது கடலுக்கு அல்ல. நிறுத்தவோ இறங்கவோ திரும்பவோ வழியில்லாத இடத்தில் அகப்பட்டுக்கொள்வோம் என்ற எண்ணத்துக்கே அஞ்சினேன். இது தெளிவான பிறகுதான் எதைக் குறித்து ஜெபிக்க வேண்டும் என்பதும் எனக்குப் புரிந்தது.

கிளினிக்கில் இருதயத்தைப் பரிசோதித்து, அதில் கோளாறு எதுவும் இல்லை, வந்தது 'பேனிக் அட்டாக்' என்றார்கள். அங்கிருந்து அனுப்பப்பட்டுச் சந்தித்த உளவியல் ஆலோசகர், ஆபத்து இல்லாத நேரத்திலும் உடல் அபாயச் சங்கை ஊதிவிடுவது உண்டு என்றும், அந்தப் படபடப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானே தணியும் என்றும் விளக்கினார். பயந்த இடத்தை விட்டு விலக விலகப் பயம் வேரூன்றும், ஆகையால் சிறுகச் சிறுக அந்த இடத்துக்குத் திரும்பிப் போவதே சிகிச்சை என்றும் சொன்னார். மருத்துவ உதவியை நாடுவது விசுவாசக் குறைவு என்று சிலர் கருதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆலோசகரிடம் என்னை அனுப்பியதும் என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று என்றே இன்றும் நம்புகிறேன்.

சபையில் இதைச் சொல்வதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. நல்லெண்ணத்தோடுதான் ஒரு சகோதரர், "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற இரண்டாம் தீமோத்தேயு வசனத்தை எடுத்துச் சொன்னார். ஆனால் அதைக் கேட்டபோது, பயப்படுவதாலேயே நான் தேவனுக்கு அந்நியமாகிவிட்டேனோ என்று மனம் ஒடுங்கிப்போனது. எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் மூத்த அக்கா ஒருவர், எல்லாரும் கிளம்பிய பின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குன்னு அவர்கிட்டயே சொல்லும்மா. ஆண்டவர்கிட்ட எதுக்கு மறைக்கிற?" என்றார். பிறகு ஐம்பத்தாறாம் சங்கீதத்தை எடுத்து வாசித்தார்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." காத் ஊரில் பெலிஸ்தரின் கையில் அகப்பட்ட தாவீதின் சங்கீதம் அது. பயம் போன பிறகு நம்புவேன் என்று அவன் சொல்லவில்லை, பயப்படுகிற அந்த நாளிலேயே நம்புவேன் என்கிறான். கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் இயேசுவும் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதியிருப்பதை அன்றிரவு வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுங்குகிறவர்களின் நடுக்கத்தை அறிந்த ஒருவரிடம்தான் பேசுகிறேன் என்ற எண்ணம் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எழுத்தில் முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

அன்று முதல் என் ஜெபம் மாறியது. "இந்தப் பயத்தை எடுத்துப்போடும்" என்று பொதுவாக மன்றாடுவதை விட்டு, பயத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து அவர் முன் வைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த கை மரத்துப்போகும் என்ற பயம், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள் என்ற பயம், மயங்கி விழுந்து பிறர்மேல் மோதிவிடுவேன் என்ற பயம், பிள்ளைகள் தாயில்லாமல் போவார்கள் என்ற பயம். கடைசியாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அதை வாய்விட்டுச் சொன்ன இரவில் நெடுநேரம் அழுதேன், அதன்பின் அயர்ந்து தூங்கினேன்.

பாலத்துக்குத் திரும்பியதும் ஜெபத்தோடுதான். முதலில் கணவர் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு போய்வந்தேன். அது பழகிய பின், வண்டிகள் குறைவாக ஓடும் ஞாயிறு விடியற்காலையில் நான் ஓட்ட, அவர் என் பக்கத்தில் அமர்ந்தார். அந்தக் கட்டம் எனக்கு எளிதாகவே கடந்தது. தனியாகப் போவதுதான் பாரமாக இருந்தது. தீவுக்குப் போகும் திசையில் மட்டும், பெருநிலக் கரையில் பிறை என்ற ஊரில் டோல் கட்ட வேண்டும். அந்தச் சாவடியைத் தாண்டினால் அக்கரை சேரும்வரை திரும்ப வழியில்லை. ஆகவே சாவடிக்கு முன்பே அந்தச் சங்கீத வசனத்தைத் தொடங்கிவிடுவேன். "நான் பயப்படுகிற நாளில்" என்று மூச்சை உள்ளிழுப்பேன், "உம்மை நம்புவேன்" என்று மெதுவாக வெளிவிடுவேன். மூச்சை நீட்டி விடுவது உடலைத் தணிக்கும் என்று ஆலோசகர் கற்றுத்தந்திருந்தார், அதற்குச் சொற்களைச் சங்கீதம் தந்தது. வடங்களைத் தாங்கும் கோபுரங்களை நோக்கிச் சாலை மேலேறும் இடத்தில் ஒருமுறை படபடப்பு முழு வேகத்தில் வந்தது. வேகத்தைக் கூட்டாமல், இடது தடத்தில், "ஆண்டவரே, இதோ வந்துவிட்டது, நீரும் கூட இரும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். தீவின் கெலுகோர் கரை தெரிந்தபோது கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் மூச்சு சீராகியிருந்தது. அந்தப் பயம் என்னைக் கொல்லாது என்பதை அதுவரை காதால் கேட்டிருந்தேன், அன்று என் உடலே அதை அறிந்துகொண்டது.

இப்போது காரில்தான் வேலைக்குப் போகிறேன். பலத்த மழையோடு நெரிசலும் சேர்ந்த மாலைகளில் உள்ளங்கை இன்றும் வியர்க்கிறது. அப்போது வசனமும் மூச்சும் ஒன்றாகத் தொடங்கிவிடுகின்றன. பெருநிலத்தின் பத்து காவானையும் தீவின் பத்து மாவோங்கையும் இணைக்க 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தில் நான் இன்னும் ஓட்டியதில்லை. அதன் நீளம் 24 கிலோமீட்டர். அதற்காக எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், முதல் பயணத்தில் கூட வருவதாக அந்த அக்காவும் சொல்லியிருக்கிறார்.